நழுவும் போர்வை

மார்கழிப் பனி இறங்கினால் போதும், இந்தப் பொலியெஸ்டர் போர்வையோடு இரவு முழுவதும் இழுபறிதான். காலை மூடினால் தோளிலிருந்து வழுக்குகிறது. தோளுக்கு இழுத்தால் கால் வெளியே. முன்னிரவில் வியர்த்து ஒட்டும், விடியற்புறம் குளிரும். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 வீத ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வாங்காது. பிறகு வியர்வை எங்கே போகும்?

அம்மம்மா தைத்த போர்வை ஒருநாளும் இப்படிப் படுத்தியதில்லை. வெளுத்து மெலிந்த நூல் சேலைகளை விறாந்தையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் எடுத்து, மூலைக்கு ஒருவராக எங்களைக் குந்தவைத்துவிடுவார். அம்மாவும் சின்னம்மாவும் எதிரெதிர்க் கரையிலிருந்து நூலோட்டம் போட்டுக்கொண்டு நடுவுக்கு வருவார்கள். கிழிந்த இடத்தில் அப்பாவின் பழைய சாரத்துண்டு ஒட்டாக ஏறும். ஊசிக்கு நூல் கோர்க்க எங்களுக்குள் சண்டை வேறு.

அந்தப் போர்வைகள் 2009 இடப்பெயர்வோடு போயின. சரி, புதிதாகத் தைக்கலாம் என்றால் சேலைக்கு எங்கே போவது? கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய புடவைக்கடைகளில் கைக்கு எட்டும் விலையில் தொங்குவதெல்லாம் செயற்கை நூல். அதை அடுக்கித் தைத்தால் ஒரு மடிப்பு இந்தப் பக்கம், மறு மடிப்பு அந்தப் பக்கம் ஓடுகிறது. வெட்டிய விளிம்பு பிரிந்துகொண்டே போகிறது. பருத்தி துவைக்கத் துவைக்க மெதுமையாகும். இதுவோ உருண்டை உருண்டையாகத் திரள்கிறது.

தைக்கத் தெரிந்த அம்மா இன்னும் இருக்கிறார், ஊசிப்பெட்டியும் இருக்கிறது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு நூல் சேலை விற்க ஒரு கடைகூடவா இல்லை?