ஹெத்தையம்மன் பாட்டுப் போட்டால் சேனல் போய்விடுமா?

"பழைய நீலகிரிப் படகர் பாட்டெல்லாம் கேசட் கம்பெனிகளுக்குச் சொந்தம், பாடி யூடியூபில் போட்டால் சேனலையே முடக்கிவிடுவார்கள்" என்று கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு.

படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகையில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் பாட்டு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. கம்பெனிக்கு உரிமை இருப்பது அது வெளியிட்ட ஒலிப்பதிவில்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கேசட்டையே ஏற்றினால் வம்பு. உங்கள் குரலில், உங்கள் தாளத்தில் பாடினால் அது உங்கள் பதிவு. அதைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்தால்தான் உரிமை என்பதும் கதை.

ஒரு விஷயம் மட்டும் கவனம்: மெட்டுப் போட்டவர் பெயர் தெரிந்த புதுப்பாட்டுக்கு அனுமதி வேண்டும். மலையில் எல்லாப் பாட்டும் 'பழைய பாட்டு' ஆகிவிடுகிறது!

யூடியூப் தானாகவே பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் 'கண்டென்ட் ஐடி' முறையில் உரிமைகோரல் வந்தாலும் சேனல் போகாது; பெரும்பாலும் விளம்பர வருமானம்தான் கோரியவருக்குப் போகும். ஆட்சேபித்தால் 30 நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் கோரிக்கை காலாவதி. 90 நாளுக்குள் மூன்று 'ஸ்ட்ரைக்' (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து.