மூன்று நாள் கணக்கு

இயேசுவுக்கு வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியலில் கல்லறை காலி. அப்படியானால் அவர் பூமிக்குள் இருப்பார் என்று மத்தேயு 12:40 சொல்லும் "இரவும் பகலும் மூன்று நாள்" எங்கே என்று, பைபிளில் முரண்பாடுகள் இருப்பதாகச் சொல்லும் ஒரு கட்டுரையின் ஆசிரியர் கேட்கிறார். 72 மணி நேரம் எண்ணுவது நம் கடிகாரப் பழக்கம். எஸ்தர் புத்தகத்தைப் புரட்டுங்கள். 4:16இல் ராணி எஸ்தர் மூன்று நாள் அல்லும் பகலும் உபவாசம் இருக்கச் சொல்கிறாள். 5:1இல் மூன்றாம் நாளே ராஜவஸ்திரம் தரித்து அரசன் முன் போய் நிற்கிறாள். எந்த யூத வாசகரும் இதை முரண்பாடு என்று தூக்கிப் பிடித்ததாகத் தெரியவில்லை. நாளின் ஒரு பகுதியும் முழு நாளாகவே கணக்கில் வரும், அவ்வளவுதான். யூத ரபிகளின் சட்ட விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூத்திலும் இந்தக் கணக்கு உண்டு. நாள் தொடங்குவதும் அவர்களுக்குச் சூரிய அஸ்தமனத்தில், நள்ளிரவில் அல்ல.

மத்தேயு தரும் இயேசுவின் வம்ச வரலாறும் இப்படித்தான், நம் பழக்கத்தில் படித்தால் இடிக்கும். 1:8இல் யோராமுக்கு அடுத்து உசியா. நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என மூன்று ராஜாக்களைக் காணோம். தலைமுறைகளைப் பதினாலு பதினாலாக அடுக்க வேண்டும், விட்டுவிட்டார். பதிவாளர் அலுவலகச் சான்றிதழா அது?

ஆனால் அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் சிலர், யூதர் யோசிப்பது ஒரு விதம், கிரேக்கர் யோசிப்பது வேறு விதம் என எல்லாவற்றுக்கும் "எபிரேய மனம், கிரேக்க மனம்" என்று கோடு கிழிப்பது ரொம்ப அதிகம். இயேசு காலத்துத் தத்துவஞானி, அலெக்சாந்திரியாவின் பிலோ யூதர்தான்; எழுதியதெல்லாம் கிரேக்கத்தில், பிளேட்டோவையும் கரைத்துக் குடித்தவர். அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்?