ஓடிபி கடலுக்குப் போயிருக்கு

அக்கா: சக்சஸ்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னப்பு?

தம்பி: பணம் ஏறிருச்சுனு அர்த்தம்க்கா. ஸ்காலர்ஷிப்பு உங்க மக அக்கவுண்டுக்குப் போயிருச்சு.

அக்கா: அவ அக்கவுண்டுல நூத்திச்சொச்ச ரூவா கெடக்கு. நேத்துதான் பாஸ்புக்கு என்ட்ரி போட்டுட்டு வந்தேன். மிஷினு ரிப்பேருனு கையால எழுதித் தந்தாக, அந்த ஒத்த வரி எழுதவே முக்கா மணி நேரம்.

தம்பி: இங்க சக்சஸ்னு காட்டுதுல்லக்கா.

அக்கா: ஒன் ஸ்க்ரீனுல சக்சஸு, எம் பாஸ்புக்குல சைபரு. நடுவுல எவன் தின்னான்? காலேஜு கிளார்க்குதான?

தம்பி: அய்யய்யோ, அவரு கைக்கே போகாதுக்கா. இப்ப எல்லாம் டிபிடி. அரசாங்கத்துலேருந்து நேரா பிள்ளைக அக்கவுண்டுக்கு வந்துரும்.

அக்கா: நேரா வாரதுக்கா இம்புட்டு நாளு?

(பாம்பன்ல ஒரு நெட் சென்டர், தம்பிதான் அதப் பாத்துக்குறவன். நான் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கத்தான் நின்னேன், இவங்க முடிச்சாத்தான் எனக்கு மிஷினு. அக்கா கடல்ல முங்கி கடல்பாசி எடுக்குறவங்க, விரல் பூரா பிளாஸ்திரி. மக மதுரைப் பக்கம் ஒரு தனியார் காலேஜுல இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம்.)

தம்பி: எதுக்கும் பேப்பரெல்லாம் ஒரு தடவ பாத்துருவோம்க்கா. வருமானச் சான்று செல்லுபடி ஆகுதா? ஒரு வருசம்தான் தாங்கும்.

அக்கா: அது ஒரு வருசம் தாங்கும், ஒங்க போர்ட்டலு அதுக்குள்ள தொறக்கணும்ல. முத தடவ வாங்குனது போர்ட்டல் தொறக்குறதுக்குள்ள செத்துப்போச்சு, மறுக்கா 60 ரூவா கட்டி வாங்குனேன். இதுல விஏஓ கேக்குறாரு, மாச வருமானம் எம்புட்டும்மானு. நான் என்னத்தச் சொல்ல? ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், போட்ட கரையில கட்டிப்புட்டு அரசாங்கம் தர்ற 8,000-த்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கோம், மத்த மாசம் கடலு குடுத்தா உண்டு இல்லாட்டி டீசல் கடன்தான் மிச்சம், நான் பாசிக்குப் போறதும் நீரோட்டம் பாத்து மாசத்துல பாதி நாளுதான், அதுலயும் தீவுப் பக்கம் வராதம்பாக வனத்துறைக்காரவுக. இத எப்படி மாசக் கணக்குல சொல்றது? அவரே யோசிச்சுப்புட்டு எழுவத்திரெண்டாயிரம்னு போட்டுட்டாரு.

தம்பி: எல்லாருக்கும் அதான்க்கா போடுறது. ஸ்காலர்ஷிப்புக்கு லிமிட்டு ரெண்டரை லட்சம், எப்படியும் உள்ளதான் வருவீங்க.

அக்கா: பாம்பன்லேருந்து தொண்டி வரைக்கும் எவரக் கேட்டாலும் 72,000. ஒரு ரூவா கூட இல்ல, ஒரு ரூவா கொறைய இல்ல. இம்புட்டு சமத்துவம் வேற எந்த ஜில்லாவுல இருக்கு சொல்லு.

தம்பி: சரி, முதல் பட்டதாரி சர்டிபிகேட்டு...

அக்கா: அத மட்டும் ஞாபகப்படுத்தாத. எங்க வீட்ல எவரும் காலேஜு வாசல மிதிக்கலைனு நாங்க நிரூபிக்கணுமாம்! அவ அப்பா டிசி கொடு, ஒன் டிசி கொடு, மாமனார் டிசி கொடுன்னாக. எங்க மாமனாரு மூணாப்பு படிச்சது தனுஷ்கோடியில. 1964 புயல்ல ஊரே போயி இன்னைக்கு அங்கன செவருதான் நிக்கிது. டிசி வேணும்னா கடலுக்குள்ள முங்கித்தான் எடுக்கணும், எடுத்துட்டு வரவானு கேட்டேன். நமக்கு முங்குறது தொழிலு. அந்த மேடத்துக்கு ஒரே கோவம்.

தம்பி: (சிரிப்ப அடக்கிக்கிட்டு) அபிடவிட்டு போட்டு முடிச்சோம்லக்கா. பீஸுல 25,000 கொறஞ்சுச்சா இல்லையா?

அக்கா: கொறஞ்சுச்சு, இல்லைங்கல. கவுன்சிலிங்ல போனதால அதாச்சும் கெடச்சுச்சு. இந்தப் பக்கம் கொறச்சுக்கிட்டு அந்தப் பக்கம் பஸ் பீஸு, லேப் பீஸு, டெவலப்மெண்டு பீஸுனு ஏத்திட்டான். டெவலப்பு ஆகுறது எதுனு தெரியல, பிள்ளைக்கு ஆஸ்டல்ல அதே சாம்பாருதான்.

தம்பி: புதுமைப் பெண் ஆயிரம் வருதாக்கா?

அக்கா: ஆறாவதுலயே பிரைவேட்டு பள்ளிக்கூடத்துல தூக்கிப் போட்டோம், இங்கிலீஷு வரும்னு. அதனால நமக்கு இல்லைனுட்டாக. இங்கிலீஷும் வரல, ஆயிரமும் வரல.

தம்பி: பேசாம எஜுகேசன் லோனு போட்டிருக்கலாம்க்கா. நாலு லட்சம் வரைக்கும் நம்ம கைக்காசு ஒண்ணும் போட வேணாம், ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாது. ரூல்ஸே அதான்.

அக்கா: ரூல்ஸு ஒனக்குத் தெரியுது எனக்குத் தெரியுது, மேனேஜருக்கு யாரு சொல்றது? அவரு எடுத்த எடுப்புல, நெலத்துப் பட்டா ஏதாச்சும் இருக்காம்மானு கேட்டாரு. இருக்குறது கடலு சார், அதுக்கு பட்டா எந்த ஆபீஸ்ல வாங்கணும்னு சொன்னீங்கன்னா அங்கனயும் போயி நிக்கிறேன்னேன். அடுத்த வாரம் வாங்கன்னாரு. அடுத்த வாரம் அவரு டிரான்ஸ்பரு.

(நெசமா இந்த எடத்துல நான் ஜெராக்ஸ மறந்துட்டேன். இந்த ‘அடுத்த வாரம் வாங்க’வுக்கு நம்ம பக்கம் கடலோரத்துல எத்தன பஸ் டிக்கெட்டு கிழிஞ்சிருக்கும்.)

தம்பி: அக்கா, இப்ப வெசயம் என்னனா, எனக்கு சீடிங்ல சந்தேகம். ஆதார் சீடிங்.

அக்கா: அதெல்லாம் அப்பயே பேங்குல லிங்கு பண்ணியாச்சு.

தம்பி: லிங்கு வேற, சீடிங் வேறக்கா. லிங்குனா பேங்குக்கு உங்க ஆதார் நம்பர் தெரியும், அம்புட்டுத்தான். அரசாங்கப் பணம் எந்த பேங்குக்குப் போகணுங்குறது என்பிசிஐனு ஒரு எடத்துல பதிவாகியிருக்கும். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்குதான். நாலு வீடு இருந்தாலும் தபால்காரரு ஒரு வீட்லதான போடுவாரு? கடைசியா எந்த வீட்டச் சொன்னீங்களோ அங்க போடுவாரு.

அக்கா: நாங்க ஒரு வீட்டத்தான சொன்னோம்.

தம்பி: அதத்தான் பாக்கணும். ஆதார் சைட்ல போயி பாத்துரலாம், அவ நம்பரச் சொல்லுங்க... ம்... ஆச்சு. ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க.

அக்கா: எதுல வரும்?

தம்பி: ஆதார்ல குடுத்த போன் நம்பருக்கு. கடைசி நாலு நம்பரு இங்க காட்டுது பாருங்க.

அக்கா: ஆத்தி, இது அவுக அப்பா நம்பருல்ல.

தம்பி: சரி, அவருகிட்ட கேளுங்க.

அக்கா: இன்னைக்கு என்ன கெழம?

தம்பி: புதன்.

அக்கா: புதன்கெழம போட்டுல போற மனுசன் எங்கன இருப்பாரு? காலையிலேயே டோக்கன் வாங்கிட்டுக் கடலுக்குப் போயாச்சு. இனி நாளைக்கு விடிஞ்சுதான் கரை.

தம்பி: போன் கொண்டு போயிருக்காரா?

அக்கா: கொண்டுதான் போயிருக்காரு.

தம்பி: அப்ப ஓடிபி கடல்ல இருக்கு.

அக்கா: வலை போட்டு எடுத்துருவமா?

தம்பி: அடிச்சுத்தான் பாருங்களேன். பத்து நிமிசம்தான்க்கா டைம்.

அக்கா: (போன்ல) அலோ... ஏங்க... ஏங்க, இஞ்சின அமத்தச் சொல்லுங்க... ஓடிபி... ஓ, டி, பி... மீனு பாடு கேக்கலங்க, மெசேஜு, ஒங்க போனுக்கு மெசேஜு வந்துருக்கும் பாருங்க... ஆங், சொல்லுங்க. (தம்பிகிட்ட) ஒண்ணு, நாலு, ஒம்போது...

தம்பி: ஆறு நம்பருல்ல வரணும்.

அக்கா: ஏங்க, மூணுதான் இருக்கா? அதுக்கு முன்னாடி என்ன போட்டுருக்கு? ரீசார்ஜா? ஏங்க அது ஒங்க டாப்பப்பு முடியப்போகுதுங்குறான், அது வேணாம்! ... அலோ... கட்டாயிருச்சு.

தம்பி: மறுக்கா அனுப்புறேன். ம்... போயிருச்சு.

அக்கா: (போன்ல) ஏங்க, இப்ப புதுசா ஒண்ணு வந்துருக்கும்... ஆங்... (தம்பிகிட்ட) எழுதிக்க.

தம்பி: போட்டாச்சு... தப்புங்குதே. அக்கா, அவரு மொத வந்தத வாசிச்சுட்டாரு. அது இனி செல்லாது.

அக்கா: மனுசனுக்கு கண்ணாடி கரையில இருக்கு, எழுத்த எப்படிப் பாப்பாரு. (போன்ல) ஏங்க, மேல இருக்குறது... அலோ. அலோ. இங்க பாரு, வேற என்னமோ பாஷையில ஒரு பொம்பள பேசுது.

தம்பி: சிங்களமாக்கும். போட்டு அங்கிட்டு ஒதுங்கியிருக்கும், இலங்கை டவரு எடுக்குது.

அக்கா: நல்லாருக்கு. போனு எல்ல தாண்டுனா ரோமிங்கு, ஆளு தாண்டுனா யாழ்ப்பாணத்து ஜெயிலு.

(தம்பி ஒண்ணும் பேசல. நானும் பேசல.)

தம்பி: கொஞ்சம் நேரம் கழிச்சுப் பாப்போம்க்கா. டீ சொல்லவா?

அக்கா: டீ வேணாம். ஒண்ணு கேக்குறேன், சொல்லு. போன தடவ பீஸு கட்ட நான் லேட்டாக்கிட்டேன். ஏன் லேட்டு? இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு ஸ்காலர்ஷிப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். காலேஜுல நாளுக்கு அம்பது ரூவா பைன் போட்டான். கட்டாட்டி ஹால் டிக்கெட்டு இல்லன்னான். காதுத் தோட்ட அடகு வச்சுக் கட்டுனேன். நான் லேட்டானா பைனு. போன வருசத்துப் பணத்த இந்த வருசம் அனுப்புறாகளே, அதுக்கு யாரு பைன் கட்டுனா? கேட்டா சர்வர் டவுனு. எங்க வீட்டு சர்வர் டவுனு சார்னு நான் போயி காலேஜுல சொன்னா ஏத்துக்கிருவானா?

தம்பி: கஷ்டம்தான்க்கா.

அக்கா: கஷ்டம் கெடக்கட்டும், தோட்டுக்கு மாசாமாசம் வட்டி கட்டுறேன்ல, அத எந்த போர்ட்டல்ல அப்ளை பண்றது? ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு, அதுக்கும் என்னென்ன ஜெராக்ஸு வேணும்னு.

(தம்பி மவுஸப் புடிச்சு சும்மா ஆட்டிக்கிட்டு இருந்தான். பாவம், அவன் என்ன பண்ணுவான். ஆனா அந்த ஊர்ல அரசாங்கம்னு நேர்ல புடிச்சுக் கேக்குறதுக்கு அவன் ஒருத்தன்தான் கெடைக்கிறான்.)

தம்பி: இன்னொரு தடவ ஓடிபி அனுப்பவா?

அக்கா: அனுப்பு. (போன்ல) ஏங்க, டவரு வந்துருச்சா? பக்கத்துல சின்னப் பையன் எவனாச்சும் இருந்தா போன அவன்கிட்ட குடுங்க... ஆங் தம்பி, கடைசியா வந்ததப் படி... (தம்பிகிட்ட) எழுது.

தம்பி: ஆறு நம்பரு... போட்டாச்சு... ஓப்பன் ஆயிருச்சு! (ஸ்க்ரீன உத்துப் பாத்துட்டு) அக்கா, உங்க மகளுக்கு எந்த பேங்குனு சொன்னீங்க?

அக்கா: பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குல்ல, அந்த கவர்மெண்டு பேங்கு.

தம்பி: இங்க வேற காட்டுது. இது சிம் கார்டு கம்பெனி நடத்துற பேங்கு.

அக்கா: சிம் கம்பெனியில எவ அக்கவுண்டு வச்சா?

தம்பி: பாப்பா மதுரைக்குப் போனப்ப புது சிம்மு வாங்குச்சா?

அக்கா: ஆமா, ஆஸ்டல்ல சேத்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வாசல்ல. கொடையப் போட்டு உக்காந்து ப்ரீ சிம்மு ப்ரீ சிம்முனு கூப்புட்டான். ஆதாரக் குடுத்தா, பெருவெரல வச்சா. ஒரு தடவ சரியா விழுகல, மறுக்கா வைம்மான்னான்...

தம்பி: அந்த மறுக்கா வச்சது இந்த அக்கவுண்டுக்கா இருக்கும்.

அக்கா: (கொஞ்சம் நேரம் சத்தமே இல்ல) ஒரு வெரலு வச்சதுக்கு எம் புள்ளைக்கு பேங்கு ஆரம்பிச்சுட்டானா? நான் ஒரு பேங்குல அக்கவுண்டு தொறக்க போட்டோ, ரேசன் கார்டு, ஆதாரு, கூட ரெண்டு கையெழுத்துனு அலைஞ்சேன். அதுலயும் பாசி பறிச்சு, பாறை கிழிச்சு, எம் வெரல்ல ரேகையே இல்லைனு திருப்பி அனுப்புனாக. அவன் ஒரு கொடைய விரிச்சுப்புட்டு முடிச்சுட்டானே!

தம்பி: பணம் பத்திரமாத்தான் இருக்கும்க்கா, எங்கயும் போகாது. அந்த சிம்ம வச்சு எடுத்துரலாம்.

அக்கா: அந்த சிம்மு ஆபர் முடிஞ்சவொடன தூக்கிப் போட்டாச்சு.

தம்பி: அய்யோ.

அக்கா: என்ன அய்யோ?

தம்பி: அப்ப பாப்பாவே நேர்ல வரணும். அந்த பேங்கு ஆளுகிட்ட போயி நம்பர மாத்தணும், பணத்த எடுக்கணும். அப்பறம் நம்ம பேங்குல ஃபாரம் எழுதிக் குடுத்து சீடிங்க இங்க மாத்தணும். மாத்துனாலும் இனிமே வர்றதுதான் இங்க வரும், ஏற்கனவே போனது தானா வராது. ஆதார்ல போன் நம்பர சென்டர்ல மாத்துனாலும் அவதான் வரணும், கைரேக வைக்க.

அக்கா: எல்லாம் வேல நாள்லயா?

தம்பி: ஆமாக்கா, ஞாயித்துக்கெழம பேங்கு ஏது.

அக்கா: வேல நாள்ல வந்தா அட்டெண்டன்ஸு போயிரும். 75 சதவீதம் இல்லாட்டி பரிச்ச எழுத விட மாட்டான். அதையும் மீறி எழுதணும்னா அதுக்கு ஒரு பைனு வச்சிருக்கான்.

தம்பி: லீவு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க.

அக்கா: என்னனு எழுத? பெருவெரல வச்சுட்டேன், எடுக்கப் போறேன்னா?

தம்பி: (சிரிச்சுட்டான்) காய்ச்சல்னு எழுதச் சொல்லுங்கக்கா.

அக்கா: அது கெடக்கட்டும். பணம் அங்கிட்டுப் போயி எம்புட்டு நாளாச்சு, தேதி போட்டுருக்கா?

தம்பி: போட்டிருக்கு. நாலு மாசம் ஆகப் போகுது.

அக்கா: நாலு மாசம் அவன்கிட்ட இருந்துச்சுல்ல, வட்டி உண்டா?

தம்பி: உண்டுக்கா. ரெண்டோ ரெண்டரையோ குடுப்பாங்க.

அக்கா: பரவாயில்லையே. நானும் அடகுக்கடையில ரெண்டுதான் கட்டுறேன். அப்ப அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிருமே.

தம்பி: அக்கா... நீங்க கட்டுறது மாசத்துக்கு ரெண்டு. அவங்க குடுக்குறது வருசத்துக்கு.

அக்கா: (பைய எடுத்து இடுக்கிக்கிட்டு) ஒனக்கு எம்புட்டு தரணும்?

தம்பி: பிரிண்ட் அவுட்டு மட்டும் பத்து ரூவா குடுங்கக்கா, போதும்.

அக்கா: இந்தா. சனிக்கெழம அவள வரச்சொல்றேன், அன்னைக்கு பேங்கு உண்டான்னு பாத்து வையி. ரெண்டாவது சனியா, மூணாவது சனியா?

தம்பி: (காலண்டரப் பாத்துட்டு) ரெண்டாவதுக்கா.