தாலி கட்டும் காட்சி மட்டும் திறக்கவில்லை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் போன வாரம் ஒரு கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ஜாம். அக்கா காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், பின்னால் ஹாரன் சத்தம். எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கும் பென்டிரைவ், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. அதனால் வீடியோவை ஐந்து துண்டாக்கியிருந்தேன். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு கடைசிவரை ஓடி மறைந்தது, பிடுங்கிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஈப்போவிலிருந்து போன். "தம்பி, நலங்கு ஓடுது, மாப்பிள்ளை அழைப்பு ஓடுது, தாலி கட்டுறது மட்டும் திறக்கவே மாட்டேங்குது."

பிடுங்குமுன் கணினியிடம் சொல்லி எஜெக்ட் பண்ணியிருக்கணும் லா என்று நண்பர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். தெரியும்யா, தப்புதான். ஆனால் எழுதி முடிக்காததை முடித்துவிட்டதாக அந்தக் கோடு ஏன் காட்டியது?

பொட்டலத்தை வாங்கி மேசைக்கடியில் போட்டுவிட்டு, "அனுப்பியாச்சு" என்று ரசீது கிழித்துக் கொடுக்கும் குமாஸ்தா மாதிரிதான் இது. தரவு முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ராமில் குவிகிறது, பென்டிரைவுக்குப் பிறகுதான் மெதுவாகப் போகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில், இப்படி எழுதாமல் கிடப்பது காலியாகக் கிடைக்கும் நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை சேரலாம். 16 ஜிபி மெஷினில் கிட்டத்தட்ட 3 ஜிபி. மலிவான பென்டிரைவ் வினாடிக்கு 10 எம்பி எழுதினால், கோடு மறைந்த பிறகும் ஐந்து நிமிட வேலை பாக்கி. கணினிக்குள்ளே இருக்கும் வேகமான எஸ்எஸ்டி டிரைவுக்கு இது கண்ணிமைக்கும் நேரம். பென்டிரைவுக்கும் அதே கணக்கைப் போட்டதுதான் கோளாறு.

வேகத்துக்காக என்கிறார்கள். எந்த வேகம்? மொத்த நேரத்தை முடிவு செய்வது பென்டிரைவின் எழுதும் வேகம்தான். காத்திருப்பது குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

விண்டோஸ் இதில் கொஞ்சம் இறங்கி வந்தது. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிரைவுகளுக்கு 'சட்டென்று எடுக்கலாம்' என்ற முறையே இயல்புநிலை. வேகம் கொஞ்சம் குறையலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. குறையட்டுமே! நகலெடுக்கும்போதே பிடுங்கினால் அதுவும் காப்பாற்றாது, அது வேறு விஷயம்.

அதற்காக ஒவ்வொரு துளியையும் உடனுக்குடன் எழுது என்றும் நான் சொல்லவில்லை. லினக்ஸில் அப்படி எழுதவைக்கும் 'சிங்க்' அமைப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உயிர் போகும். எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைக்கும் எஃப்ஏடி அட்டவணை டிரைவின் தொடக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதையே திரும்பத் திரும்ப அழித்து எழுதினால் பென்டிரைவின் ஃபிளாஷ் நினைவகம் சீக்கிரம் தேயும். செருகும் டிரைவுக்குச் சின்னதாகத் தனி வரம்பு வை, கோப்பு முடிந்ததும் மிச்சத்தை இறக்கு, இறக்கிய பிறகு 'முடிந்தது' என்று சொல். இவ்வளவுதான் கேட்கிறேன். சாதனத்துக்குச் சாதனம் வரம்பு வைக்கும் வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. என் மாதிரி கடைக்காரன் அதை எங்கே போய்த் தேடுவான்?

பென்டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்புகளால் பெயர் வாங்கிய ஃபைசன் நிறுவனத்தை 2000இல் தைவானில் தொடங்கியவர்களில் ஒருவர், புவா கெய்ன் செங், நம்ம சிலாங்கூர் செகிஞ்சான்காரர். வயல் பார்க்கப் போவோமே, அதே செகிஞ்சான். அவர் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு பச்சைக் கோட்டை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

அக்காவுக்குப் புதுப் பென்டிரைவில் ஏற்றி, எஜெக்ட் பண்ணி, கடை டிவியில் செருகித் தாலி கட்டும் இடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு நானே கொண்டுபோகிறேன். டோல், பெட்ரோல் என் கணக்கு.