கால்வினைப் பாதி மட்டும் சொல்லாதீர்கள்

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று நம் சபைகளில் சீர்திருத்தச் செய்தி கொடுப்பவர்கள் பெரும்பாலும் லூத்தரோடு நின்றுவிடுகிறார்கள்; அவரைப்போலவே 16-ஆம் நூற்றாண்டில் திருச்சபையைச் சீர்திருத்திய ஜான் கால்வினைத் தொடுகிறவர்களும், யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்தார் என்னும் முன்குறித்தல் உபதேசத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஊழியக்காரருக்கு அவரிடம் கற்க அதிகம் இருப்பது, இன்றைய சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரம் அவரைத் துரத்திவிட்டுத் திரும்ப அழைத்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தில்தான் என்பேன்.

1536-இல் ஜெனீவாவில் ஓர் இரவு தங்கிப்போக வந்த 27 வயது கால்வினை, 'இங்கே தங்காவிட்டால் உன் படிப்பைக் கடவுள் சபிப்பார்' என்று மிரட்டி நிறுத்திக்கொண்டவர் அங்கே சீர்திருத்தப் போதகராக இருந்த வில்லியம் ஃபாரல். திருவிருந்தில் புளிப்பில்லாத அப்பம் உள்ளிட்ட, பெர்ன் என்னும் சுவிஸ் நகரத்தின் முறைகளை ஜெனீவா நகர மன்றம் தன்னிச்சையாகத் திணித்ததை ஏற்காமல், 1538 ஈஸ்டரன்று திருவிருந்து பரிமாற மறுத்ததால் இருவரும் வெளியேற்றப்பட்டனர். கால்வின் ஸ்ட்ராஸ்பூர்கில் பிரெஞ்சு அகதிகளின் சபைக்குப் போதகராகி, மணம் முடித்து, அங்கே நிம்மதியாகவே இருந்தார். ஜெனீவாவுக்குத் திரும்புவதைவிட நூறு முறை சாவது மேல் என்று ஃபாரலுக்கு எழுதியவர், 1541 செப்டம்பரில் மனமில்லாமலே திரும்பினார். மீண்டும் பீடத்தில் ஏறியபோது, தன்னைத் துரத்தியவர்களைப் பற்றி ஒன்றும் பேசாமல், மூன்றாண்டுக்கு முன் எந்த வேதபகுதியில் விட்டாரோ அதற்கு அடுத்த பகுதியிலிருந்தே விளக்கத்தைத் தொடர்ந்தார். ஊழியத்தைத் தான் கைவிடவில்லை, அது இடையில் தடைபட்டது அவ்வளவே என்று காட்டுவதே அவர் நோக்கம். திருமண்டலத் தேர்தல் முடிந்த வாரத்தில் எந்த வசனம் யாரைக் குறிவைத்துப் பிரசங்கமாகும் என்று அறிந்த நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. வேதத்தை வரிசையாகப் பிரசங்கிக்கிறவர் தன் கோபத்துக்கேற்ற வசனத்தைத் தேடி எடுக்க முடியாது. அந்த ஒழுங்கு அவரையே கட்டுப்படுத்தியது.

ஆனால் இதே மனிதர்தான், திரித்துவத்தை மறுத்த ஸ்பானிய மருத்துவர் மிகேல் செர்வேட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தால், தன் சொல் எடுபடுமானால் உயிரோடு போக விடமாட்டேன் என்று 1546-இலேயே எழுதியவர். 1553 ஆகஸ்டில் செர்வேட்டஸ் அங்கே ஆராதனைக்கு வந்த இடத்தில் அடையாளம் காணப்பட்டுக் கைதானார். குற்றச்சாட்டுகளைத் தொகுத்துக் கொடுத்தவர் கால்வின். தீர்ப்பளித்தது நகர மன்றம். எரிக்காமல் தலையை வெட்டும்படி கால்வின் கேட்டார் என்பது உண்மை. மன்றம் அதற்கு இணங்காமல் அக்டோபர் 27 அன்று ஷாம்பெல் குன்றில் எரித்தது.

'அது அந்தக் காலத்து வழக்கம்' என்று நம்மவர்கள் சொல்லும் சமாதானத்தை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. மற்ற சுவிஸ் சபைகளும் செர்வேட்டஸைக் கண்டித்தன என்பது சரிதான். ஆனால் கால்வினோடு முன்பு பணியாற்றிய செபாஸ்டியன் காஸ்டெல்லியோ, ஒரு மனிதனைக் கொல்வது உபதேசத்தைக் காப்பதாகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதே என்று அதே தலைமுறையில் எழுதினாரே! 350 ஆண்டு நிறைவில், 1903-இல், கால்வினின் வழிவந்தவர்களே அந்த இடத்தில் கல் நட்டு, தாங்கள் அவருக்கு நன்றியுள்ள பிள்ளைகள் என்றும் அந்தத் தவறைக் கண்டிக்கிறோம் என்றும் ஒரே வாசகத்தில் பொறித்தார்கள். நம் பிரசங்க பீடங்களிலும் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். கேட்கிறவர்கள் விசுவாசத்தை இழந்துவிடுவார்கள் என்று போதகர்கள் அஞ்ச வேண்டியதில்லை.