'எவி' ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள்

"துருக்கி மொழியில் உடைமை விகுதியும் இரண்டாம் வேற்றுமை உருபும் ஒன்றுதான், இடம் பார்த்துத்தான் பொருள் புரியும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 'எவ்' என்றால் வீடு. 'எவி' என்பது 'வீட்டை' (இரண்டாம் வேற்றுமை) என்றும் வரும், 'அவர் வீடு' (யாருடையது என்று காட்டும் உடைமை விகுதி) என்றும் வரும், அதுவரை உண்மை. ஆனால் உயிரெழுத்தில் முடியும் ஒரு சொல்லை எடுத்தாலே இந்த வாதம் உடைந்துவிடும்: 'கெடி' என்றால் பூனை, 'கெடிஸி' அவருடைய பூனை, 'கெடியி' பூனையை (நடுவில் வருகிற ய், நம்ம யகர உடம்படுமெய் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது). உருபு வேறு, விகுதி வேறு. மெய்யெழுத்துக்குப் பின்னால் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று, இரண்டும் சேர்ந்தே வரும், முதலில் உடைமை, அப்புறம் வேற்றுமை. 'அவர் வீட்டை' என்பதற்கு 'எவினி'. 'வீட்டில்' என்றால் 'எவ்தெ', 'அவர் வீட்டில்' என்றால் 'எவிந்தெ', அந்த நடு ன் மூன்றாம் ஆள் உடைமைக்குப் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

உண்மையான குழப்பம் வேண்டுமென்றால் அது இங்கேதான் இருக்கிறது: 'எவினி' என்பது 'உன் வீட்டை' என்றும் ஆகும், 'அவர் வீட்டை' என்றும் ஆகும். அதனால்தான் தேவைப்படும்போது முன்னால் 'ஸெனின்' (உன்) அல்லது 'ஓனுன்' (அவருடைய) போட்டுப் பேசுவார்கள். பூனைக்கு அந்தச் சிக்கலே இல்லை, 'கெடினி' உன் பூனையை, 'கெடிஸினி' அவர் பூனையை.

இதை எல்லாத் துருக்கிய மொழிகளுக்கும் (துருக்கி மொழி சேர்ந்த மொழிக் குடும்பத்துக்கு) பொதுவாக்குவதும் தப்பு. உஸ்பெக்கில் 'உயி' அவர் வீடு, 'உய்னி' வீட்டை. அங்கே 'எவி' குழப்பத்துக்கே இடமில்லை.