இந்தியா டிஸ்க் போட்டா பிளேயர் லாக் ஆயிடுமா?

நம்ம வாட்ஸாப் குரூப்ல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, இந்தியாவுல வாங்குன டிஸ்க் சிங்கப்பூர் பிளேயர்ல ஓடவே ஓடாது, அஞ்சு தடவ போட்டா பிளேயரே லாக் ஆயிடும், 4கே டிஸ்க்குக்கும் இதே கதிதான்னு. பாதி உண்மை, மீதி கலப்படம்.

டிஸ்க் எந்தப் பகுதி நாட்டு பிளேயர்ல ஓடணும்னு போட்டு வெச்ச பூட்டுதான் ரீஜன். டிவிடில சிங்கப்பூர் ரீஜன் 3, இந்தியா ரீஜன் 5, அது சரிதான். ஆனா டிஸ்க் கவரோட பின்பக்கம் சின்னதா ஒரு உலக உருண்டை படம் போட்டு உள்ள நம்பர் இருக்கும் பாருங்க, அத பாக்காம முடிவு பண்ணாதீங்க. இங்க சிங்கப்பூர் தேக்கால நான் வாங்குன பழைய தமிழ்ப் பட டிவிடிங்கள்ல நிறைய "ஆல்"னுதான் இருக்கு, அதெல்லாம் எங்கயும் ஓடும். நம்பர் ஒத்துவரலன்னா பிளேயர் ஸ்கிரீன்ல எரர் காட்டும், அவ்ளோதான், பிளேயருக்கு ஒண்ணும் ஆகாது.

அந்த அஞ்சு தடவ கணக்கு கம்ப்யூட்டர் டிவிடி டிரைவோடது. அதுவும் டிஸ்க் போடுறதுக்கு இல்ல, நீங்களே செட்டிங்ஸ்ல ரீஜன மாத்துறதுக்கு, அஞ்சாவது மாத்தலோட அது நின்னுடும்.

புளூரே வேற கணக்கு, எழுத்துலதான் வரும், நம்ம சிங்கப்பூருக்கு ஏ, இந்தியாவுக்கு சி. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது, ஆனா கூட வர்ற சாதா புளூரேல இருக்கலாம், அதுல ஏமாந்துடாதீங்க அண்ணே.